மாகாண சபைத் தேர்தலும் எமது அமானிதமும்

(கிழக்கு மாகாண சபைத் தேர்தலை முன்னிட்டு, 2012 ஆகஸ்ட் இறுதியில் எமது நிதியத்தின் தொண்டர்களுக்கும் உதவி பெறும் குடும்பங்களுக்கும் முன்னால் நிகழ்த்தப்பட்ட உரை.)





நோன்பும் பெருநாளும் முடிந்து சில நாட்கள்தான் ஆகின்றன. உங்களில் பலர் ஷவ்வால் ஆறு நோன்பைப் பிடித்துக்கொண்டு இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக. இம்முறை நோன்பும் தேர்தலும் சேர்ந்தே வந்தன. ஜூன் கடைசியில் சபை கலைக்கப்பட்டது, நோன்பு பிறக்கும் நாட்களில் வேட்புமனுக்கள் கொடுக்கப்பட்டன. தராவீஹ் முடிந்து வெளியே வந்தால் வாசலில் துண்டுப்பிரசுரம், ஸஹருக்கு எழும்பினால் மதிலில் புதிய சுவரொட்டி. எதிர்வரும் செப்டம்பர் 8ஆம் திகதி, சனிக்கிழமை, வாக்களிப்பு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த நிதியம் எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்காது. யாருக்குப் போடுங்கள் என்று சொல்ல நாம் இங்கே கூடவில்லை. எதற்காகப் போடுகிறோம், எப்படிப் போடுவது, எதற்கு அதை விற்கக் கூடாது என்ற மூன்றையும் பேசவே கூடியிருக்கிறோம்.

மாகாண சபை என்பது என்ன? 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் வந்தது. வடக்கும் கிழக்கும் சேர்ந்திருந்த மாகாணம் 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பிரிந்தது. தனிக் கிழக்கு மாகாணத்துக்கு முதல் தேர்தல் 2008 மே 10ஆம் திகதி நடந்தது. இப்போது நடப்பது இரண்டாவது. சபையில் 37 உறுப்பினர்கள். அம்பாறை மாவட்டத்துக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10. மீதி இரண்டும் அதிக வாக்குப் பெறும் கட்சிக்குப் போனஸ்.

தேசியப் பாடசாலைகள் தவிர்ந்த பாடசாலைகள், எமது ஊர் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலானவை, மாகாண வீதிகள், சமூக சேவைத் திணைக்களம், பிரதேச சபைகளின் மேற்பார்வை எல்லாம் இந்தச் சபையின் கையில்தான். பிள்ளைக்குக் கணித ஆசிரியர் இல்லை என்றாலும், மருந்தகத்தில் 'வெளியே வாங்குங்கள்' என்று சீட்டுத் தந்தாலும், அந்தக் கேள்வி போய்ச் சேர வேண்டிய இடம் மாகாண சபை. உங்கள் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் கேளுங்கள்: 'நீங்கள் வென்றால் எமது பாடசாலையின் ஆசிரியர் வெற்றிடத்துக்கு என்ன செய்வீர்கள்?' சமூகத்தின் மானம், தலைவரின் மானம் என்று மட்டும் பதில் வந்தால், அந்தப் பதிலையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வாக்களிக்கும் முறை. காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை. வாக்காளர் அட்டை கைக்கு வராவிட்டாலும் இடாப்பில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். ஆனால் ஆளை நிரூபிக்கும் ஆவணம் வேண்டும். தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் போன்றவை ஏற்கப்படும். முகத்திரை அணியும் சகோதரிகள் அடையாளத்துக்காக முகத்தைக் காட்ட வேண்டும். அங்கே போய்ச் சங்கடப்படாமல் மனதளவில் தயாராகிப் போங்கள்.

வாக்குச்சீட்டில் முதலில் ஒரே ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ நேரே புள்ளடி இடுங்கள். பிறகு விரும்பினால், அந்தப் பட்டியலில் உள்ள மூன்று பேர் வரைக்கும் அவர்களின் இலக்கத்தில் புள்ளடி இடலாம். இரண்டு கட்சிக்குப் போட்டால் வாக்குப் பழுது. கட்சியை விட்டுவிட்டு இலக்கத்துக்கு மட்டும் போட்டாலும் பழுது. மூன்றுக்கு மேல் இலக்கம் குறித்தால் கட்சிக்கான வாக்குத்தான் சேரும், விருப்பு வாக்குகள் சேராது. தாய்மார்கள் இதை வீட்டில் ஒரு தாளில் எழுதிப் பழகிக்கொள்ளுங்கள்.

இந்த விருப்பு வாக்கில்தான் எமது தலையிடியும் இருக்கிறது. எமது மாவட்டத்தில் 14 பேரைத் தெரிவு செய்ய, ஒவ்வொரு பட்டியலிலும் 17 பேர் நிற்கிறார்கள். ஒரே கட்சிக்காரர்களே ஒருவருக்கொருவர் போட்டி. ஓர் ஊருக்குள்ளேயே சில நூறு வாக்குகள் ஒருவரை உள்ளே அனுப்பும், இன்னொருவரை வெளியே நிறுத்தும். அதனால்தான் ஏழை வீடுகளின் பட்டியலுக்கு இவ்வளவு கிராக்கி. அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது? எம்மைப் போன்ற நிதியங்களின் அலுமாரியில் இருக்கிறது.

இங்கே எமது தவறு ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். 2008 தேர்தல் காலத்தில் உலர் உணவுப் பொதிகளைக் கொண்டுபோக எமக்கு வாகனம் கிடைக்கவில்லை. ஒரு வேட்பாளர் தனது லொறியைத் தருவதாகச் சொன்னார். நல்ல மனதென்று நினைத்து ஏற்றுக்கொண்டோம். லொறி வந்தபோது இரண்டு பக்கமும் அவருடைய படமும் இலக்கமும் ஒட்டியிருந்தன. பொதிகள் ஏற்கனவே ஏற்றப்பட்டுவிட்டன, வெயிலும் ஏறிவிட்டது. 'இன்று ஒரு நாள்தானே' என்று விட்டுவிட்டோம். அரிசியும் சீனியும் பருப்பும் உங்கள் ஸகாத்தும் ஸதகாவும். வீட்டுக்காரர்கள் அறிந்ததோ அந்தப் படத்தில் இருந்தவரை.

அன்று ஒரு விதவைத் தாய் பொதியை வாங்கவில்லை. 'என் மருமகன் மற்றக் கட்சியில் வேலை செய்கிறார், இதை வாங்கினால் அவர் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?' என்றார். அந்த வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததோ இல்லையோ, எமக்குத் தெரியாது. அவருக்குச் சேர வேண்டிய உரிமையை நாமே அவர் கைக்கு எட்டாமல் செய்துவிட்டோம். அதற்காக அல்லாஹ்விடமும் அந்தத் தாயிடமும் மன்னிப்புக் கேட்டோம். அவர் மன்னித்தார். அதை நாம் மறக்கக் கூடாது என்பதற்காகவே இன்று சொல்கிறோம்.

இம்முறை நோன்புக்கு முன்பே நிர்வாக சபை கூடி முடிவெடுத்தது. தேர்தல் முடியும் வரை விநியோகத்தை நிறுத்திவிடுவோம் என்றும் ஒரு கருத்து வந்தது. ஆனால் பசி தேர்தல் திகதி பார்த்து வருவதில்லையே. ஆகவே நிறுத்தவில்லை, முறையை மாற்றினோம். மேடை இல்லை, வரிசை இல்லை, படம் எடுப்பதில்லை. இஷாவுக்குப் பின் எமது தொண்டர்கள் இருவர் இருவராக மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே கொண்டு வந்தார்கள். பிரசாரத்தில் இறங்கிய நிர்வாகிகள் மூவர் தேர்தல் முடியும் வரை பொறுப்பிலிருந்து விலகியிருக்கிறார்கள். பயனாளிகளின் பட்டியலை எவருக்கும் காட்டுவதில்லை.

இதற்கு ஒரு விலையும் கொடுத்தோம். சிறுநீரக நோயாளிகளின் போக்குவரத்துச் செலவுக்கென ஒரு வேட்பாளர் பெருந்தொகை தர முன்வந்தார். 'செப்டம்பர் 9ஆம் திகதி தாருங்கள், துஆச் செய்து வாங்கிக்கொள்கிறோம்' என்றோம். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். இந்த மாதச் செலவை இரண்டு வியாபாரிகள் கர்ழன் ஹஸனாகத் தந்த பணத்தில் சமாளித்திருக்கிறோம். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நோயாளிகளின் குடும்பத்தார் சிலர் எம்மோடு வருத்தப்பட்டார்கள். அவர்களின் வருத்தம் நியாயமானது. ஆனாலும் அந்தக் கடன், ஏழையின் வாக்கை அடகு வைப்பதைவிட இலேசானது என்று கருதுகிறோம்.

சகோதரர்களே, வாக்குக்காகப் பணமோ பொருளோ கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். அது நாட்டின் சட்டம். வாக்கு ஓர் அமானிதம், சாட்சியம் என்பது மார்க்கம் எமக்குக் கற்றுத் தந்தது. யாராவது உங்களிடம் 'நிதியத்தின் உதவி எங்களால்தான் வருகிறது, மாற்றிப் போட்டால் நின்றுவிடும்' என்று சொன்னால், அது பொய். யாருக்குப் போட்டாலும், போடாமலே விட்டாலும், உங்கள் பொதி நிற்காது. இதை இந்தச் சபையில் வாக்குறுதியாகத் தருகிறோம்.

கடைசியாக ஒன்று. இந்த மாகாணத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகங்கள் வாழ்கிறோம். எவரும் தனியே பாதிக்கு மேல் இல்லை. யார் வென்றாலும் மற்றவரோடு பேசித்தான் ஆள வேண்டும். சுனாமி வந்த நாளில் பக்கத்து ஊர் யாருடையது என்று பார்த்தா ஓடினோம்? மேடையில் அடுத்த சமூகத்தைத் திட்டுபவருக்குக் கை தட்டாதீர்கள். வாலிபர்களே, முடிவு வரும் இரவில் தோற்றவர் வீட்டு வாசலில் பட்டாசு கொளுத்தாதீர்கள், கல் எறியாதீர்கள். 9ஆம் திகதி சுபஹுக்கு அதே ஸப்பில் தோளோடு தோள் நிற்க வேண்டியவர்கள் நாம். நாளை ஒரு ஜனாஸா விழுந்தால் சந்தூக்கைத் தூக்க வருபவனும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரன்தான்.

தகுதியானவர்களைத் தெரிவு செய்யும் தெளிவையும், ஊரில் அமைதியையும், எமது தவறுகளுக்கு மன்னிப்பையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.