நொண்டி நடந்த நாயும் நாங்க சொன்ன சுளுக்கும்

(நாகலூர் பகுதிக் குழுக்களின் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னிக்கு வங்கிக் கடன் பற்றியோ, சேமிப்பு பற்றியோ பேசப் போறதில்லை. ஒரு நாயைப் பற்றிப் பேசப் போறோம். சில பேர் சிரிக்கிறீங்க, பரவாயில்லை. போன வருஷம் தை மாசம் நம்ம குழு ஒன்றில் 3,000 ரூபாய் உள்கடன் கேட்டு விண்ணப்பம் வந்தப்பவும் இப்படித்தான் சிரிச்சாங்க. காரணம் எழுதுற இடத்தில் "நாய் வைத்தியச் செலவு" என்று இருந்தது. மாட்டுக்குக் கொடுத்திருக்கோம், ஆட்டுக்குக் கொடுத்திருக்கோம், காதுகுத்துக்குக்கூடக் கொடுத்திருக்கோம். நாய்க்குக் கடனா? அந்தக் கடனுக்கு முன்னாலயும் பின்னாலயும் நடந்ததைச் சொல்றோம். அதில் எங்க தப்பும் ஒண்ணு இருக்கு. அதை மறைக்கப் போறதில்லை.

அந்த அக்கா பேரைச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. வீட்டுக்காரர் இல்லை, பொண்ணு சேலத்தில் தங்கிப் படிக்குது. வீடு ஊருக்கு ஒதுக்குப்புறம், தோட்டத்தை ஒட்டினாப்பல. ராத்திரி காட்டெருமை வந்தா முதலில் தெரிவது அவங்க நாய்க்குத்தான். பேரு வெள்ளச்சி. இராஜபாளையம் கலப்பு, நல்ல உயரம், அப்போ ஒன்பது வயசு. அது குரைச்சா அக்கா கதவைத் திறக்க மாட்டாங்க. அதை நம்பித்தான் ராத்திரி தூக்கமே.

கார்த்திகையில் பழம் பறிப்பு நடக்கும்போது வெள்ளச்சி வலது முன்காலை ஊன்றாம நடந்தது. நாங்க குழுக் கூட்டத்துக்குப் போனப்ப அக்கா காட்டினாங்க. "சரிவுல குதிச்சிருக்கும்க்கா, சுளுக்கு. ரெண்டு நாள்ல சரியாயிடும்"னு சொன்னது நாங்கதான். நாலு நாளில் சரியாவும் ஆச்சு. சொன்னது பலிச்சதுன்னு எங்களுக்கும் பெருமை. அடுத்த வாரம் மறுபடி நொண்டுச்சு. விளக்கெண்ணெய் போட்டு நீவினாங்க. ஒருத்தர் மூங்கில் பத்தை வெச்சுக் கட்டுப் போட்டார். பக்கத்து வீட்டில் மூட்டுவலிக்கு வாங்கி வெச்சிருந்த மாத்திரையைச் சோத்தில் பிசைஞ்சு கொடுத்தாங்க. மூணாம் நாள் வெள்ளச்சி வாந்தி எடுத்தது, கழிஞ்சது கறுப்பா தார் மாதிரி இருந்தது. அப்புறம்தான் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டோம். அதுக்குள்ள ஆறு வாரம் ஓடிப் போச்சு.

மருத்துவர் கட்டைப் பிரிச்சு, காலை மேலிருந்து கீழ்வரை மெதுவாத் தடவிப் பார்த்தார். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல கை வெச்சதும், இத்தனை வருஷம் யாரையும் கடிக்காத நாய் பல்லைக் காட்டுச்சு. கல்லு மாதிரி வீக்கம். "இது சுளுக்கு இல்லைம்மா. உடனே எக்ஸ்ரே எடுங்க. காலுக்கு ஒண்ணு, நெஞ்சுக்கு ஒண்ணு"ன்னார். கால் வலிக்கு நெஞ்சை எதுக்குப் படம் எடுக்கணும்னு அப்போ எங்களுக்கும் புரியலை.

பஸ்ஸில் ஏத்த மாட்டாங்க. தெரிஞ்ச ஜீப்புக்காரர் டீசல் காசுக்கு வந்தார். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடியுற வரைக்கும் அக்கா அந்தக் காலைத் தன் மடியிலேயே வெச்சிருந்தாங்க. சேலத்தில் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிச்சுக் காட்டினாங்க. எலும்போட ஓரம் கரையான் அரிச்ச மரம் மாதிரி இருந்தது. நெஞ்சுப் படத்தில் சின்னச் சின்னதா வெள்ளைப் புள்ளிகள். எலும்புப் புற்றுநோய், நுரையீரலுக்கும் போயிருச்சுன்னு சொன்னாங்க.

நாய்க்குப் புற்றுநோய் வருமான்னு கேட்கிறீங்க. வரும். எலும்பில் வருவதற்கு ஆஸ்டியோசார்கோமா என்று பேர். பெரிய உருவமுள்ள, எடை கூடின நாய்களுக்குத்தான் அதிகம். பெரும்பாலும் ஏழு, எட்டு வயசுக்கு மேல். முன்காலில் மணிக்கட்டுக்கு மேலேயோ தோள்பட்டைக்குக் கீழேயோ, பின்காலில் முழங்காலைச் சுற்றியோ வரும். சாதாரணச் சுளுக்கு நாளுக்கு நாள் குறையும். இது குறையுற மாதிரி குறைஞ்சு திரும்ப வரும். அங்கதான் நாங்க ஏமாந்தோம். எலும்பு உள்ளுக்குள்ள அரிச்சுப் போறதால, சும்மா திரும்பும்போதே முறிஞ்சாலும் முறியும். அந்தக் காலை நீவறதும், பத்தை வெச்சு இறுக்கறதும் எவ்வளவு கொடுமைன்னு இப்போ நினைச்சாலும் மனசு கேட்கலை.

இது ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குத் தொத்தாது. பக்கத்தில் படுத்தாலோ, நக்கினாலோ மனுஷருக்கும் வராது, வேற நாய்க்கும் வராது. வெள்ளச்சிக்குப் புற்றுநோய்னு தெரிஞ்சதும் சில பேர் பிள்ளைகளை அந்த வீட்டுப் பக்கமே விடலை. அது தேவையில்லாத பயம். வலியில் இருக்கிற நாய் தொட்டா கடிக்கும், அந்த ஜாக்கிரதை மட்டும் போதும்.

கவனிப்புக் குறைவால் வந்ததுன்னு அக்காவை ஏசினவங்களும் உண்டு. அவங்களுக்கு ஒண்ணு சொல்றோம். மும்பை போலீஸ் வெடிகுண்டுப் பிரிவில் ஜன்ஜீர்னு ஒரு லாப்ரடார் நாய் இருந்தது. 1993 மார்ச் 12 அன்று மும்பையில் தொடர் குண்டுவெடிப்பு நடந்து 257 பேர் இறந்தாங்களே, அந்தச் சமயத்தில் பதுக்கி வெச்சிருந்த வெடிமருந்தை மோப்பம் பிடிச்சுக் காட்டின நாய் அது. 3,000 கிலோவுக்கு மேல் ஆர்.டி.எக்ஸ். கண்டுபிடிக்க உதவியதாச் சொல்றாங்க. எத்தனை உயிர் பிழைச்சிருக்கும்! கூடவே பழக்குநர், மருத்துவர், வேளைக்குச் சாப்பாடு எல்லாம் இருந்தது. அதுவும் 2000 நவம்பரில் எலும்புப் புற்றுநோயால்தான் இறந்தது. எட்டு வயசுதான். போலீஸ் மரியாதையோட அடக்கம் செஞ்சாங்க. அப்படிப்பட்ட நாய்க்கே வந்த நோய் இது. நம்ம அக்காவை என்ன சொல்ல?

இதுக்கு வைத்தியம் இருக்கா? இருக்கு. நோய் வந்த காலை எடுத்துடறது. கேட்டதும் வயித்தைக் கலக்கும். ஆனா நாலு கால் பிராணி மூணு காலில் நல்லாவே நடக்கும். பெரும்பாலான நாய்கள் சில நாளிலேயே எழுந்து நடந்துடும். காலை எடுக்கிறது ஆயுளுக்காக மட்டும் இல்லை. வலியோட வேரையே எடுக்கிறதுதான் அதில் முக்கியம். ஆபரேஷன் மட்டும்னா பாதி நாய்கள் நாலைந்து மாசம் வரை இருக்கும். கூடவே கீமோ ஊசியும் போட்டா பத்து, பன்னிரண்டு மாசம். அதையும் தாண்டி இருக்கிற நாய்களும் உண்டு. சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. இந்த மாதிரி பெரிய வைத்தியத்துக்கு அங்க போய்க் கேட்கலாம்.

வெள்ளச்சிக்கு அது ஒத்து வரலை. நுரையீரலில் புள்ளி தெரிஞ்ச பிறகு காலை எடுத்தாலும் நாள் அதிகம் கூடாதுன்னு மருத்துவர் வெளிப்படையாச் சொன்னார். நாங்க அந்த ஆறு வாரத்தைப் பற்றிக் கேட்டோம். பத்தில் ஒன்பது நாய்களுக்குக் கால் வீக்கம் வெளியே தெரியும்போதே நோய் கண்ணுக்குத் தெரியாத அளவில் பரவியிருக்கும், அதனால உயிர் போச்சேன்னு உங்களையே குத்திக்காதீங்க என்றார். "ஆனா அந்த ஆறு வாரமும் அது வலியிலதான் இருந்திருக்கு" என்றும் சொன்னார். அந்த ரெண்டாவது வார்த்தைக்காகத்தான் இன்னிக்கு உங்க முன்னால நிக்கிறோம்.

அப்போ வலிக்கு மட்டும் வைத்தியம். அதுக்குத்தான் அந்த 3,000. குழுவில் ஒரு பெரியம்மா கேட்டாங்க, "பிழைக்காத நாய்க்கு எதுக்குப் பொதுப் பணம்?" நியாயமான கேள்விதான். எங்ககிட்ட பதில் இல்லை. பதில் சொன்னது ஒரு தங்கச்சி. "எங்கம்மாவுக்குப் புத்து வந்தப்ப அவங்களும் பிழைக்க மாட்டாங்கன்னு தெரியும். வலி மருந்துக்கு இந்தக் குழுதான் கடன் கொடுத்துச்சு. ராத்திரி தூங்கினாங்க, அது போதும்னு இருந்துச்சு." அதுக்கு மேல யாரும் பேசலை. நூத்துக்கு ரெண்டு ரூபா வட்டி, பத்துத் தவணைன்னு தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினாங்க. பெரியம்மாதான் முதல் கையெழுத்து.

நாய் கத்தலைன்னா வலி இல்லைன்னு நினைக்கிறோம். நாய் வலியைக் காட்டாது, மறைக்கும். நாமதான் வேற அடையாளம் பார்க்கணும். சும்மா படுத்திருக்கும்போதே இளைப்பு, ராத்திரி படுத்து எழுந்து படுத்து எழுந்து தவிக்கிறது, ஒரே இடத்தை நக்கிக்கிட்டே இருக்கிறது, நீங்க வந்தா எழுந்து வராம வாலை மட்டும் ஆட்டுறது, மூலையில் போய் ஒளியறது, சோறு குறையறது. வெள்ளச்சி இதில் பாதியைக் கார்த்திகையிலேயே காட்டியிருக்கு. நாங்க காலை மட்டும் பார்த்தோம்.

மருந்து விஷயம் கவனமாக் கேளுங்க. நாம் சாப்பிடுற புரூபன், டைக்ளோபெனாக் மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. வயித்தில் புண் வந்து ரத்தம் கசியும், சிறுநீரகம் கெடும். அந்தக் கறுப்புக் கழிச்சல் அதுதான். பாராசிட்டமாலும் நம்ம இஷ்டத்துக்குக் கூடாது. டைக்ளோபெனாக்கைக் கால்நடைகளுக்குக் கொடுக்கவே 2006ல் தடை வந்தது. அதை ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ன கழுகுகள் கூட்டம் கூட்டமா அழிஞ்சதால. வெள்ளச்சிக்கு முதலில் வயித்துப் புண்ணை ஆத்திட்டு, சில நாள் கழிச்சுத்தான் மெலாக்சிகாம் ஆரம்பிச்சாங்க. எடை பார்த்து அளவு, ஒரு நாளைக்கு ஒரு தடவை, சாப்பாட்டோட. கொஞ்ச நாள் கழிச்சு கேபாபென்டின் சேர்த்தாங்க. மருத்துவர் எழுதின அளவுக்கு மேல ஒரு துளி கூடாது. ரெண்டு வலி மாத்திரையை நாமளே சேர்த்துக் கொடுக்கவும் கூடாது.

மருந்து ஆரம்பிச்ச மூணாம் நாள் அக்கா போன் பண்ணி, "கண்ணு, ராத்திரி பூரா தூங்குச்சு. குறட்டை விட்டுச்சு"ன்னாங்க. அந்தக் குறட்டையைச் சொல்லும்போது அவங்க குரலே மாறிப் போச்சு.

நம்ம மலையில் தை மாசக் குளிர் உங்களுக்குத் தெரியும். சிமெண்ட் தரையில் படுக்க விடாம, சாக்குக்குள்ள வைக்கோல் திணிச்சு மேல பழைய கம்பளி போட்டாங்க. கால் வழுக்காம நடைபாதையில் சாக்கு விரிச்சாங்க. திண்ணை ஏற விடலை. வெளிக்குப் போகப் பழைய சேலையை வயித்துக்கு அடியில் கொடுத்து ரெண்டு பக்கமும் தூக்கிப் பிடிச்சு, பாரம் முன்காலில் விழாம நடத்தினாங்க. வீக்கத்தில் எண்ணெய், ஒத்தடம், நீவல் எதுவும் இல்லை. பசி குறைஞ்சப்ப சோத்தை வெதுவெதுப்பாக்கி முட்டையும் ஈரலும் சேர்த்தாங்க. குழம்புச் சோறு வேண்டாம், வெங்காயம் நாய்க்கு ஆகாது. படுத்தே கிடந்த கடைசி நாட்களில் மூணு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வெச்சாங்க, படுக்கைப் புண் வராம இருக்க. அக்கா வேலைக்குப் போற நேரத்தில் புரட்டிவிட்டது யார் தெரியுமா? அந்தப் பெரியம்மாதான்.

இன்னொண்ணும் செஞ்சோம். பழைய வருகைப் பதிவேடு ஒண்ணு சும்மா கிடந்தது. அதில் தினமும் ஒரு குறி போடச் சொன்னோம். சாப்பிட்டு, தூங்கி, வாலாட்டினா சரின்னு ஒரு டிக். இல்லைன்னா பெருக்கல் குறி. கூடவே இருக்கிறவங்களுக்கு நாய் மோசமாவது தெரியாது, நேத்து மாதிரியே இருக்குன்னுதான் தோணும். தை, மாசி முழுக்க டிக் அதிகம். பங்குனி ரெண்டாம் வாரத்தில் ஏழு நாளில் அஞ்சு பெருக்கல். அக்காவே நோட்டை எடுத்துட்டு வந்து எங்க முன்னால வெச்சாங்க. ஒண்ணும் சொல்லலை.

கருணை ஊசி பற்றிப் பேசுறது பாவம்னு நினைக்கிறவங்க இங்க இருக்கீங்க. அக்காவும் அப்படித்தான் நினைச்சாங்க, கடைசி வரைக்கும் அந்த உறுத்தல் இருந்தது. நாங்க வற்புறுத்தலை. மருத்துவர் வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்க ஊசி போட்டு, நல்லாத் தூங்கின பிறகுதான் அடுத்த ஊசி. தலை அக்கா மடியில். சில நிமிஷத்தில் முடிஞ்சது. அந்த மருந்து உடம்பில் தங்கும், அதைத் தின்கிற பிராணியும் சாகும். அதனால ஆழமாத் தோண்டிப் புதைக்கணும்னு மருத்துவர் சொன்னார். நரி, காட்டுப்பன்னி எல்லாம் திரியுற இடம் நம்முது. இடுப்பளவுக்கு மேல தோண்டி மேல கல் அடுக்கினோம்.

கடன் பத்துத் தவணையும் தவறாம வந்தது. கடைசித் தவணை கார்த்திகையில் கட்டினாங்க. அக்கா வீட்டில் இப்போ ஒரு குட்டி இருக்கு. காட்டெருமையைப் பார்த்தா அது கட்டிலுக்கு அடியில் ஓடுது.

இப்போ உங்ககிட்ட கேட்கிறது ஒண்ணுதான். உங்க வீட்டிலேயோ பக்கத்திலேயோ ரெண்டு வாரத்துக்கு மேல நொண்டுற நாய் இருந்தா, நீவாதீங்க, கட்டாதீங்க, மாத்திரை கொடுக்காதீங்க. பெரிய நாயா, வயசான நாயா இருந்தா ரெண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். ஊக்குநரும் பிரதிநிதியும் உங்க குழுவில் கேட்டு, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நாயோட வயசு, எந்தக் கால், எத்தனை நாளா என்று ஒரு தாளில் எழுதிட்டு வாங்க. வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கா என்றும் பக்கத்தில் குறிச்சிடுங்க. மருத்துவரிடம் நாள் கேட்டு நாங்க சொல்றோம். சுளுக்கா இல்லையான்னு இனி அவர்தான் சொல்லுவார், நாங்க இல்லை.