சாலை முடிந்த பிறகும்: சிறிய எஞ்சின் சாகச பைக்குகள்

நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடிவிட்டு, தார் முடிந்த இடத்திலிருந்து மண்ணிலும் சரளையிலும் தொடர்ந்து போகக்கூடிய இருசக்கர வண்டியைத்தான் சாகச பைக் என்கிறார்கள். உயரமான இருக்கை, அகலமான ஹேண்டில்பார், எஞ்சினுக்கும் தரைக்கும் நடுவே தாராளமான இடைவெளி, நன்றாக அமுங்கி எழும் ஷாக் அப்சார்பர் ஆகியவற்றை வைத்துப் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொள்ளலாம். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1980-ல் கொண்டுவந்த ஆர் 80 ஜி/எஸ் இந்த வகையின் முன்னோடி. அதன் எஞ்சின் 797 சிசி. மறு ஆண்டே யூபேர் ஓரியோல் என்ற பிரெஞ்சு வீரர் அந்த வண்டியின் பந்தய வடிவத்தில் பாரிஸ்–டக்கார் பந்தயத்தை வென்றார். அதன்பிறகு எஞ்சின்கள் பெருத்துக்கொண்டே போயின. 1,000 சிசியைத் தாண்டி, 250 கிலோ எடையைத் தொடும் வண்டிதான் சாகச பைக் என்ற எண்ணம் உலகம் முழுக்க வேரூன்றியது.

அந்த எண்ணம் தவறு என்பதை நீண்ட பயணம் போனவர்களே காட்டியிருக்கிறார்கள். லோயிஸ் பிரைஸ் என்ற ஆங்கிலேயப் பெண் யமஹாவின் எக்ஸ்.டி. 225 வண்டியில் வட அமெரிக்காவின் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடியான உஷுவாயா வரை போய்ச் சேர்ந்தார். நெதர்லாந்தைச் சேர்ந்த நோராலி, இந்தியாவில் ஒரு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வாங்கி, அதிலேயே தன் நாட்டுக்கு ஓட்டிச் சென்றார். இருவருக்கும் வேகம் பெரிதாகத் தேவைப்படவில்லை. விழுந்தால் தூக்கி நிறுத்தக்கூடிய எடையும், எந்த ஊர் மெக்கானிக்கும் கைவைக்கக்கூடிய எளிமையும்தான் தேவைப்பட்டன.

இந்தியாவில் இந்த வகைக்கு வழிகாட்டியது 2011-ல் வந்த ஹீரோ இம்பல்ஸ். 149 சிசி எஞ்சின், 13 குதிரைத்திறன். உடல்வாகு நன்றாக இருந்தும் எஞ்சின் போதவில்லை, சந்தையில் நிலைக்கவில்லை. 2016-ல் ஹிமாலயன் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 2019-ல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, ஒரு லட்சம் ரூபாயை ஒட்டிய விலையில் வந்தது. கல்லூரி மாணவரும் சிறு ஊர்க் கடைக்காரரும் எட்டிப் பிடிக்கக்கூடிய விலையில் மண்பாதைக்கென்றே செய்யப்பட்ட ஒரு வண்டி நம் நாட்டில் கிடைத்தது பெரிய விஷயம்.

ஹிமாலயன் தமிழ்நாட்டில் தயாராகும் வண்டி. பெயர் இமயத்தைச் சொன்னாலும், அது பிறப்பது சென்னைக்கு அருகே ஒரகடம், வல்லம் வடகால் பகுதித் தொழிற்சாலைகளில். ஒசூரில் டி.வி.எஸ். ஆலையில் உருவான பி.எம்.டபிள்யூ ஜி 310 ஜி.எஸ். இன்னொரு உதாரணம். அந்த வண்டி இங்கிருந்து பல நாடுகளுக்கு ஏற்றுமதியானது.

முதல் ஹிமாலயனின் எஞ்சின் 411 சிசி, ஒற்றை சிலிண்டர். திறன் 24.5 குதிரைத்திறன் மட்டுமே. இதே அளவு எஞ்சினிலிருந்து வேறு சில நிறுவனங்கள் 40-க்கும் மேல் எடுக்கின்றன. ஆனால் இந்தக் கணக்கை வைத்து வண்டியை எடைபோடக் கூடாது. சிலிண்டரின் விட்டம் 78 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 86 மில்லிமீட்டர். இப்படி நீண்டு ஓடும் பிஸ்டன், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே நல்ல இழுவையைத் தரும். நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளை ஒட்டியே முழு இழுவையும் கிடைத்துவிடுகிறது. சேறும் கல்லும் கலந்த ஏற்றத்தில் ஆள் நடக்கும் வேகத்தில் இரண்டாவது கியரில் ஏறும்போது, கிளட்சைப் பிடித்துப் பிடித்து விடாமல், ஆக்சிலேட்டரை மட்டும் மெல்லத் திருகி வண்டியை நகர்த்த முடிவது இதனால்தான். உச்சத்தில் மட்டும் சீறும் எஞ்சினை வைத்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏறினால், பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி மண்ணைத் தோண்டும். 2023-ல் வந்த ஹிமாலயன் 450 வேறு குணம் கொண்டது. 452 சிசி, தண்ணீரால் குளிரும் எஞ்சின், 40 குதிரைத்திறன், ஆறு கியர். நெடுஞ்சாலைக்கு அது மேல். பழைய 411-ன் பொறுமையை விரும்புகிறவர்களும் குறையவில்லை, அந்த விருப்பத்தில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது முன்சக்கரம். சாதாரண பைக்கில் 17 அல்லது 18 அங்குல வளையம் இருக்கும். ஹிமாலயனிலும் எக்ஸ்பல்ஸிலும் முன்னால் 21 அங்குலம். சக்கரம் பெரிதாக இருந்தால் பள்ளத்துக்குள் குறைவாகவே இறங்கும், எதிரே வரும் கல்லில் சரிவான கோணத்தில் மோதி ஏறிக்கடக்கும். மாட்டுவண்டிக்கு அத்தனை பெரிய சக்கரம் போட்ட காரணமும் இதுவே. இதற்கு ஈடாக ஒன்றை இழக்க வேண்டியிருக்கிறது: வளைவுகளில் வண்டி சட்டென்று திரும்பாது, கொஞ்சம் சொல்லித் திருப்ப வேண்டும். ஸ்போக் சக்கரம் வைப்பதற்கும் காரணம் உண்டு. அலாய் சக்கரம் பலமான அடியில் விரிசல் விடலாம். ஸ்போக் வளையம் நெளிந்து கொடுக்கும், பிறகு கம்பிகளை இறுக்கி நேராக்கிக்கொள்ளலாம்.

லடாக் போகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய விஷயம் காற்று. கர்துங் லா கணவாய் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,360 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் பாதிதான். சிலிண்டருக்குள் போகும் காற்று பாதியானால் எஞ்சினின் திறனும் ஏறத்தாழ பாதியாகும். கார்புரேட்டர் வண்டியில் சிக்கல் கூடுதல்: காற்று குறைந்தது அதற்குத் தெரியாது, பெட்ரோலை முன்போலவே ஊற்றும், எஞ்சின் புகைந்து திணறும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் சென்சார் காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். திறன் குறைவதை அதனாலும் தடுக்க முடியாது, ஆனால் எஞ்சின் சீராக ஓடும். இரண்டு பேரும் மூட்டையுமாக ஏறும் 200 சிசி வண்டி அங்கே முதல் கியரிலேயே முனகும். அந்த உயரத்துக்குப் போகிறவர் சுமையைக் குறைப்பதே வழி.

வண்டி விழும். மண்பாதையில் ஓட்டுகிறவர் இதை முதல் நாளே ஏற்றுக்கொள்வது நல்லது. எக்ஸ்பல்ஸின் எடை 154 கிலோ அளவு, ஹிமாலயன் 190 கிலோவைத் தாண்டும். தனியாளாகத் தூக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். வண்டி உருளாமல் இருக்க கியரில் வைக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால், தூக்கியதும் மறுபக்கம் சாய்ந்துவிடாதபடி சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்து வைக்க வேண்டும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்பக்கப் பிடியையும் பற்றி, முதுகை நேராக வைத்து, தொடையின் பலத்தால் பின்னோக்கிச் சிறு அடிகளாக நடந்து எழ வேண்டும். குனிந்து கையால் இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வாங்கிய முதல் வாரத்திலேயே புல்தரையில் வண்டியை மெல்லச் சாய்த்து இதைப் பழகிக்கொண்டவர், ஆளில்லாத பாதையில் தடுமாற மாட்டார்.

மண்ணில் ஓட்டும் முறையும் தனி. ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, முழங்காலால் டேங்கை லேசாக அணைத்து, முழங்கையை மடக்கி ஓட்ட வேண்டும். அப்போது வண்டி கீழே குதித்தாலும் அதிர்வைக் கால்கள் வாங்கிக்கொள்ளும், உடல் ஆடாது. பார்வை சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கல்லில் அல்ல, 20, 30 அடி தள்ளிப் போக வேண்டிய தடத்தில் இருக்க வேண்டும். கல்லைப் பார்த்தால் வண்டி கல்லுக்கே போகும். மணலில் பயந்து ஆக்சிலேட்டரை மூடினால் எடை முன்னால் பாய்ந்து முன்சக்கரம் புதையும். உடலைச் சற்றுப் பின்னால் தள்ளி, சீராக இழுத்துக்கொண்டே போனால் ஹேண்டில்பார் ஆடினாலும் வண்டி தானாக நேராகும்.

பிரேக்கில் ஒரு நுணுக்கம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். தார்ச்சாலையில் உயிர் காக்கும். சரளை இறக்கத்தில், பின்சக்கரம் பூட்டிக்கொள்ள நேரும்போதெல்லாம் ஏ.பி.எஸ். பிரேக்கை விட்டுவிடுவதால் வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பூட்டிக்கொண்ட பின்சக்கரம் மண்ணில் ஊன்றிக் கீறி வேகத்தைக் குறைக்கும். அதனால்தான் 2020 ஹிமாலயனில் பின் ஏ.பி.எஸ்.-ஐ அணைக்க ஒரு பொத்தான் வைத்தார்கள். முன் ஏ.பி.எஸ். எப்போதும் இயங்கும், இயங்கவும் வேண்டும்.

ஸ்போக் சக்கரம் பெரும்பாலும் டியூப் டயர்தான், ஆகவே பஞ்சர் ஒட்டத் தெரிந்திருப்பது அவசியம். தமிழ்நாட்டு மண்பாதைகளில் முதல் எதிரி சீமைக்கருவேல முள். டியூப்லெஸ் டயரில் முள் குத்தினாலும் காற்று மெதுவாக இறங்கும், அடுத்த ஊர் வரை போய்விடலாம். டியூபில் குத்தினால் சற்று நேரத்தில் சக்கரம் தரையோடு படிந்துவிடும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்தைக் கழற்றி, டியூபின் மவுத்தில் இருக்கும் வால்வை எடுத்துக் காற்றை முழுக்க விட்டு, டயரின் ஓரத்தை மிதித்து வளையத்திலிருந்து பிரிக்க வேண்டும். இரண்டு டயர் லிவரைச் சிறு இடைவெளியில் செருகி நெம்பினால் ஒருபக்க விளிம்பு வெளியே வரும், டியூபை உருவலாம். ஓட்டையை ஒட்டினாலும் சரி, புது டியூப் போட்டாலும் சரி, அதற்கு முன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றிலும் துடைத்துப் பார்க்க வேண்டும். ஒடிந்த முள்நுனி உள்ளேயே நின்றிருந்தால் துணி மாட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். இதைச் செய்யாமல் டயரை ஏற்றியவர் அதே வேலையை அரை மணி நேரத்தில் மறுபடி செய்ய நேரும். ஆகவே டியூப், லிவர், கைப்பம்ப், அச்சைக் கழற்றும் ஸ்பேனர் நான்கும் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

அன்றாட வாழ்வில் இந்த வண்டி எப்படி? குண்டும் குழியுமான நகரச் சாலையில் இதைவிடச் சுகமான வண்டி குறைவு. வேகத்தடைகள் உறைக்காது. ஹிமாலயன் 411-ன் இருக்கை உயரம் 800 மில்லிமீட்டர், எக்ஸ்பல்ஸ் 823. உயரம் குறைந்தவர் வாங்கும் முன் உட்கார்ந்து, இரு பாதங்களின் முன்பகுதியாவது தரையில் பதிகிறதா என்று பார்க்க வேண்டும். 411 வண்டி லிட்டருக்கு 30 கிலோமீட்டரை ஒட்டிக் கொடுக்கும். டேங்க் 15 லிட்டர், ஒருமுறை நிரப்பினால் 400 கிலோமீட்டர் போகலாம். குறை நெடுஞ்சாலையில் தெரியும். மணிக்கு 90 கிலோமீட்டர் வரை அமைதியாக ஓடும், அதற்கு மேல் லாரியை முந்த இடம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். எக்ஸ்பல்ஸுக்கு இந்த எல்லை இன்னும் கீழே. நாலுவழிச்சாலையிலேயே பெரும்பகுதி ஓடுகிறவருக்கு இந்த வகை ஏற்றதல்ல.

பராமரிப்பில் செயினும் ஏர் ஃபில்டரும் முதலிடம். புழுதியில் ஓடிய வண்டியின் ஏர் ஃபில்டரைக் கையேடு சொல்லும் தூரத்துக்கு முன்பே திறந்து பார்க்க வேண்டும். செயினை மண்ணெண்ணெயில் துடைத்து, காயவிட்டு, எண்ணெய் போட வேண்டும். பெட்ரோல் கூடாது, செயினுக்குள் இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுப்போகும். ஹேண்டில்பாரைத் திருப்பும்போது நடுவில் சிக்குவதுபோல் தெரிந்தால், ஹேண்டில்பார் தண்டைத் தாங்கும் கோன் செட் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

செலவைக் கணக்கிடும்போது 350 சிசி ஒரு எல்லைக்கோடு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். மூன்றாம் நபர் காப்பீட்டிலும் இதே கோடுதான்: 2022-ல் அறிவித்த கட்டணப்படி, 150-க்கு மேல் 350 சிசி வரை ஆண்டுக்கு 1,366 ரூபாய், அதற்கு மேல் 2,804 ரூபாய். எக்ஸ்பல்ஸ், சுஸுகியின் 249 சிசி வி-ஸ்ட்ரோம் எஸ்.எக்ஸ். ஆகியவை கோட்டுக்குள் வருகின்றன. ஹிமாலயன் வெளியே நிற்கிறது. முதல் வண்டியாக வாங்குகிறவருக்கு 200, 250 சிசி போதும். அதில் கற்றுக்கொள்வது அதிகம், விழுந்தால் ஆகும் செலவு குறைவு.

ஓட்ட இடம் தமிழ்நாட்டில் ஏராளம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. இறங்கும்போது ஏறிய அதே கியரில் வந்தால் எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலை விதி. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியை இறக்குவது சட்டப்படி குற்றம். பாதை தெரிகிறது என்பதால் அது பொதுப்பாதை ஆகிவிடாது, அங்கே யானைக்கும் காட்டெருமைக்கும்தான் முதல் உரிமை. முதுமலை–பந்திப்பூர் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். ஏரிக்கரை, வண்டிப்பாதை, ஆற்றோர மண்தடம் ஆகியவை பழகுவதற்குப் போதுமானவை. மழை பெய்து ஈரம் காயாத கரையில் மட்டும் ஏறக் கூடாது. டயர் பதித்த தடத்தில் அடுத்த மழைநீர் ஓடிக் கரையை அரிக்கும்.