நீர் புகாக் கேமராவும் நம் பிள்ளைகளும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பெற்றோர் முன் ஆற்றிய உரை)

 

நான் பெரிய பேச்சாளன் அல்லன். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும், சில வருட அனுபவமும்தான் என் சொத்து. கேமராவைப் பற்றிப் பேச எனக்கு உள்ள தகுதி ஒன்றே ஒன்று. ஒரு கேமராவைக் கெடுத்தவன் நான். அதுவும் உங்கள் பணத்தில் வாங்கிய கேமரா. அந்தக் கதையை இன்று மறைக்காமல் சொல்லப்போகிறேன்.

சென்ற ஆண்டு ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாயார் தீவுக்கு அழைத்துப் போவது என்று முடிவானது. லங்காவிக்குத் தெற்கே, கெடா கடலில் உள்ள தீவு அது. அதைச் சுற்றியுள்ள கடல் அரசாங்கத்தின் கடல் பூங்கா. பவளப் பாறை உண்டு, கரையோரம் குட்டிச் சுறாக்கள் நீந்தும். நம் பிள்ளைகளில் பாதிப்பேர் அதுவரை கடலில் கால் நனைத்ததே இல்லை. நனையாத கேமரா ஒன்று வேண்டும் என்று நான் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். அப்போது ஒரு பெரியவர் எழுந்தார். முப்பது வருடம் பால் வெட்டி ஓய்வு பெற்றவர்.

"ஏன் வாத்தியாரே, கேமரா சோறு போடுமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அன்று எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் வீட்டுக்கு மூன்று வெள்ளி வீதம் அறுபது வீடுகளில் வசூலாகி, 180 வெள்ளி என் கைக்கு வந்தது.

ஒரு சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறிப் பினாங்கு போனேன். இறங்கி நடந்தால் சூலியா தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைச் சூலியர் என்று அழைத்ததால் வந்த பெயர் அது. நாகூர் தர்கா அங்கேதான் இருக்கிறது. நம் மக்கள் கப்பலேறி வந்து, வியாபாரம் செய்து, காலூன்றிய தெரு. இன்று வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் மலிவு விடுதிகளும் அங்கே நிறைய. ஊர் திரும்பும் பயணிகள் சிலர் சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். ஒரு பழைய சாமான் கடையில் மஞ்சள் நிறத்தில் கையடக்கமான கேமரா ஒன்று கிடைத்தது. கடைக்காரப் பாய் விவரமானவர்.

"சார், பத்து மீட்டர் வரைக்கும் தாங்கும்னு இதுல போட்டிருக்கு. அது புதுசா இருந்தப்ப. இப்ப நீங்க கை நீட்டுற ஆழத்துக்கு மேல கொண்டுபோகாதீங்க. ரப்பரைப் பாத்துக்குங்க" என்றார்.

நான் முதல் வார்த்தையைக் கேட்டேன். கடைசி வார்த்தையை விட்டுவிட்டேன்.

நீர் புகாக் கேமரா என்றால் நம் சக்திக்கு எட்டாதது என்று எண்ண வேண்டாம். குறைந்த விலையில் மூன்று வகை உண்டு. முதலாவது, ஒரே முறை பயன்படுத்தும் பிலிம் கேமரா. பிலிமோடு கூடிய மலிவுக் கேமராவைப் பியூஜி நிறுவனம் 1986இல் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்த, நீர் புகாத வகையும் வந்துவிட்டது. அதில் 27 படம் எடுக்கலாம். விளக்கு கிடையாது, நல்ல வெயில் வேண்டும். இரண்டாவது, நான் வாங்கியதைப் போன்ற சிறிய டிஜிட்டல் கேமரா. மூன்றாவது, கைப்பேசியை வைத்து மூடும் பிளாஸ்டிக் பை. மூன்றிலும் விலை மலிந்தது இதுதான், நம்பிக்கை குறைந்ததும் இதுதான். கைப்பேசியை வைப்பதற்கு முன்னால் பைக்குள் ஒரு காகிதக் கைக்குட்டையை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமுக்கிப் பாருங்கள். காகிதம் நனையாவிட்டால் மட்டும் கைப்பேசியை நம்பி வையுங்கள்.

தண்ணீர் உள்ளே போகாமல் காப்பது எது? கதவின் ஓரத்தில் ஓடும் ஒரு மெல்லிய ரப்பர் வளையம். அவ்வளவுதான். பேட்டரியும் நினைவட்டையும் இருக்கும் கதவை மூடும்போது வளையம் நசுங்கி இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. ஆழம் போகப் போகத் தண்ணீரின் அழுத்தம் கூடும். பத்து மீட்டர் ஆழத்தில் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அந்த அழுத்தம் ஒரு வழி தேடிக்கொண்டே இருக்கும். வளையத்தில் ஒரு தலைமுடி, ஒரு மணல் கிடந்தால் போதும், அதுவே வழி. இன்னொன்று: எழுதியிருக்கும் ஆழக் கணக்கு அசையாத தண்ணீருக்கு உரியது. கேமராவைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து குதித்தால் அந்த அடியில் கணக்கு தவறிவிடும்.

இதெல்லாம் இப்போது தெரியும். அன்று தெரியாது. பாயார் தீவில் காலையில் படங்கள் அருமையாக விழுந்தன. மதியம் பேட்டரி தீர்ந்தது. மணலில் உட்கார்ந்து, ஈரக் கையோடு கதவைத் திறந்து பேட்டரியை மாற்றினேன். மறுபடி தண்ணீரில் இறக்கியதும் கேமராவின் ஓரத்திலிருந்து நூல் பிடித்தாற்போல் குமிழிகள் கிளம்பின. அப்போதே எடுத்திருக்க வேண்டும். ஏதோ காற்று என்று நினைத்து இன்னும் இரண்டு படம் எடுத்தேன். பிறகு கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் ஆடியது. கேமரா செத்துப்போயிற்று.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். மூன்று வெள்ளி என்பது சிலர் வீட்டில் ஒருநாள் மீன் காசு என்பதை அறிந்தவன் நான். தலை நிமிரவில்லை. சோறு போடுமா என்று கேட்ட அதே பெரியவர் எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேமராவை வாங்கி, கதவைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு வளையத்தின் மேல் விரலை மெல்ல ஓட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இந்தா இருக்கு பாரு, மணலு. முப்பது வருசம் மங்கு தொடச்ச கையி இது. பாலுல தூசி கெடந்தா கண்ணுக்கு முன்னாடி கையி சொல்லிடும். ரப்பரைப் பத்தி எங்ககிட்ட கேட்டிருக்கலாமே வாத்தியாரே?" என்றார்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். இன்று அந்த வளையம் பெரும்பாலும் செயற்கை ரப்பர்தான். இருந்தாலும் அந்தக் கைக்குத் தெரிந்தது என் சான்றிதழுக்குத் தெரியவில்லை.

கெட்ட கேமராவுக்காக 180 வெள்ளியைத் தவணையில் நான் சங்கத்தில் கட்டினேன். இரண்டாவது கேமரா அதில்தான் வந்தது, அதே சூலியா தெருவிலிருந்து. இம்முறை ஒரு விதி செய்தோம். வகுப்பில் ஒருவருக்கு 'ரப்பர் கண்காணி' என்று பதவி. கையைத் துடைத்து, வளையத்தை விரலால் தடவிப் பார்த்து, அவர் "சரி" என்று சொன்னால்தான் கதவை மூட வேண்டும். மூடியதும் வாளித் தண்ணீரில் சோதனை. குமிழி கிளம்பினால் உடனே வெளியே எடுக்க வேண்டும். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை நீக்கி, துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே திறக்க வேண்டும். எண்ணெய்க் கை, கொசு மருந்துக் கை இரண்டும் கூடாது. தப்பித் தவறி உப்புத் தண்ணீர் புகுந்துவிட்டால் கேமராவை முடுக்கிப் பார்க்காதீர்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், நினைவட்டையை நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். அரிசியில் புதைத்தால் உப்பு போகாது. எங்கள் கேமரா போனது; அட்டை பிழைத்தது. பாயார் தீவுப் படங்கள் இன்று அதோ அந்தச் சுவரில் ஒட்டியிருப்பது அதனால்தான்.

மாணவர்களே, தோல்வி கண்டு துவளாதீர்கள் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 1856இல் இங்கிலாந்தில் வெய்மத் என்ற கடலோர ஊரில் வில்லியம் தாம்சன் என்பவர் கேமராவைப் பெட்டிக்குள் வைத்துக் கடலில் இறக்கிப் படம் எடுத்தார். அவர் பெட்டிக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டது! ஆனாலும் மங்கலாக ஒரு படம் கிடைத்தது. தண்ணீருக்கடியில் எடுத்த முதல் படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

நம் இனத்துக்கு நெருக்கமான சான்றும் உண்டு. இலங்கையில் திருகோணமலைக் கோணேசுவரம் கோயிலைப் போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள். கற்கள் பாறையிலிருந்து கடலில் உருண்டன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் அங்கே மூழ்கி, கடலடியில் கிடந்த தூண்களைப் பார்த்துப் படமெடுத்தார்கள். வாய்வழியாகச் சொல்லி வந்த செய்திக்குத் தண்ணீருக்குள்ளேயே சாட்சி கிடைத்தது.

இனி, படம் எடுக்கும் முறை. தண்ணீர் கண்ணை ஏமாற்றும். நான்கு அடியில் இருக்கும் மீன் மூன்று அடியில் இருப்பதுபோல் தெரியும். ஆழம் போகப் போக முதலில் மறைவது சிவப்பு நிறம். ஐந்து மீட்டருக்குள்ளேயே சிவப்புச் சட்டை மங்கிவிடும். எல்லாம் நீலம் பூசினாற்போல் ஆகிவிடும். ஆகவே தூரத்து மீனைத் துரத்தாதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை எடுங்கள். வெயில் உச்சிக்கு ஏறிய நேரம், முதுகுப் பக்கம் வெயில், ஆழம் குறைவு, கை அசையக் கூடாது. விளக்கைப் போட்டால் மிதக்கும் தூசியெல்லாம் மின்னிப் படம் கெடும். கேமரா கையை விட்டு நழுவினால் மூழ்கிவிடும்; கயிற்றில் ஒரு மிதவையைக் கட்டிவையுங்கள். பவளப் பாறையைத் தொடக்கூடாது, மிதிக்கவே கூடாது. அது உயிருள்ளது. கடல் பூங்காவில் பவளம் எடுப்பதும் மீன் பிடிப்பதும் சட்டப்படி குற்றம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கேமராவுக்கு உயிர் ஒன்றும் இல்லை, பிள்ளைக்கு உண்டு. கேமராவில் கண் வைத்த பிள்ளைக்குச் சுற்றிலும் நடப்பது தெரியாது. ஆகவே மிதவைச் சட்டை இல்லாமல், பெரியவர் பக்கத்தில் இல்லாமல், ஒருவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஆறும் அப்படித்தான். 2021 ஆகஸ்டில் கெடா ஜெராய் மலையில் பெய்த மழை அடிவாரத்தில் வெள்ளமாகப் பாய்ந்து உயிர்களைக் கொண்டுபோனதை மறக்கக் கூடாது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். மலையில் மழை பெய்யும். தண்ணீர் கலங்கி, இலை தழை வந்தால் கேமராவை விட்டுவிட்டுக் கரையேறுங்கள். உடம்பில் வெட்டுக்காயம் இருந்தால் ஆற்றில் இறங்காதீர்கள். எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் அந்த வழியாகவும் உடம்பில் ஏறும்.

கடலுக்கு வருடத்தில் ஒருநாள் போவோம். மற்ற நாளில் இந்தக் கேமரா எதற்கு? அதைத்தான் பிள்ளைகள் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆறாம் வகுப்பில் ஆளுக்கு ஒரு வாரம் என்று கேமராவை வீட்டுக்குக் கொடுத்தோம். மழை, சேறு, பனி எதற்கும் அஞ்ச வேண்டாம். அழுக்கானால் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துக் குழாயடியில் கழுவலாம் என்று சொல்லி அனுப்பினோம். இன்று முதல் பரிசு பெறும் படத்தை எடுத்தவள் ஒரு மாணவி. விடியற்காலை கொட்டும் மழையில், செம்பனை மரத்தடியில், தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு உதிரிப் பழம் பொறுக்கும் அவள் அம்மா. வேறு எந்தக் கேமராவையும் அந்த மழையில் யாரும் வெளியே எடுத்திருக்க மாட்டார்கள். படத்தைப் பார்த்த அந்தத் தாய், "மழையில நான் இப்படியா இருக்கேன்?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

நம் தாத்தா பாட்டிமார் மழையிலும் பனியிலும் உழைத்தார்கள். அவர்கள் வேலை செய்த கோலத்தில் எத்தனை பேர் வீட்டில் படம் இருக்கிறது? கல்யாணப் படம் இருக்கும், அடையாள அட்டைப் படம் இருக்கும். உழைத்த படம் இருக்காது. நாளை இந்த லயங்களும் இருக்குமோ என்னவோ. நம்மை நாமே பதிந்து வைக்காவிட்டால் வேறு யார் வந்து பதிவார்கள்?

பெரியவர் அவர்களே, உங்கள் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். கேமரா சோறு போடாது. ஆனால் சோறு போட்ட கையை நம் பிள்ளைகளுக்குக் காட்டும். அதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். சூலியா தெருவில் கிடைக்கும் பழைய கேமரா போதும். ரப்பரை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பரிசு பெறும் செல்வங்களுக்கும், அடுத்த ஆண்டு பெறப்போகும் செல்வங்களுக்கும் என் வாழ்த்து.