டிக்கெட் சலுகையும் வரிப்பணமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மெட்ரிக் படித்த ரயில்வே குமாஸ்தாவுக்கு ஓவியத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த டிக்கெட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

1932 அக்டோபர் 28-இல் ரோம் நகரில் முசோலினி அரசு ஒரு பெரும் கண்காட்சியைத் திறந்தது. பாசிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த பத்தாம் ஆண்டு விழா! காண வருவோருக்கு ரயில் கட்டணத்தில் சலுகை. இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ நாற்பது லட்சம் பேர் வந்தார்கள். உள்ளே இருந்தது பழைய பாணியல்ல. அந்நாளின் புத்தம்புது நவீனக் கலை. சிரோனி, தெராக்னி போன்ற திறமைசாலிகள் சர்வாதிகாரத்துக்கு அலங்காரம் செய்து கொடுத்தார்கள். அந்நாட்டில் வேலைநிறுத்தம் 1926-லேயே தடை செய்யப்பட்டிருந்தது.

ஜெர்மனியில் நடந்தது நேர்மாறு. 1937 ஜூலையில் மியூனிக் நகரில் ஹிட்லர் அரசு நவீனக் கலைக்குச் 'சீரழிந்த கலை' என்று பெயர் சூட்டிக் கண்காட்சி வைத்தது. அருங்காட்சியகங்களிலிருந்து பறித்த அறுநூறுக்கும் மேற்பட்ட படைப்புகளை நெருக்கி மாட்டி, சுவரெல்லாம் கேலி எழுதினார்கள். அனுமதி இலவசம். இருபது லட்சம் பேர் வந்தார்கள்.

படங்களின் பக்கத்தில் விலையை எழுதி, உழைக்கும் மக்களின் வரிப்பணத்தில் வாங்கியது என்று குறித்தார்கள். அவற்றில் பல, ஒரு ரொட்டிக்கே கோடிக்கணக்கில் மார்க் கொடுத்த பணவீக்க காலத்து விலை. அதை மட்டும் சொல்லவில்லை! பார்த்த தொழிலாளிக்கு வயிறு எரிந்திருக்கும். ஆனால் அவனுடைய தொழிற்சங்கத்தை 1933 மே 2-ஆம் நாளே ஒழித்துவிட்டார்கள். அவன் வாயைக் கட்டிவிட்டு அவன் பெயரால் பேசினார்கள். 1939-இல் அதே 'குப்பை'யில் ஒரு பகுதியைச் சுவிட்சர்லாந்தில் ஏலம் போட்டு அந்நியச் செலாவணி சேர்த்தார்கள்.

நெசவாளர் கிளர்ச்சியைப் படமாக்கிய கேத்தே கோல்விட்ஸ் அம்மையாரை 1933-இல் பிரஷ்யக் கலைக் கழகத்திலிருந்து வெளியேற்றினார்கள். ஹிட்லரை எதிர்த்துத் தொழிலாளர் கட்சிகள் ஒன்றுபட வேண்டும் என்ற அறிக்கையில் கையெழுத்திட்டதே அவர் செய்த குற்றம்.

தோழர்களே! இத்தாலியில் நவீனக் கலையைத் தோளில் தூக்கினார்கள். ஜெர்மனியில் காலில் போட்டு மிதித்தார்கள். இரண்டு இடத்திலும் தொழிலாளி வேடிக்கை பார்க்கத்தான் அழைக்கப்பட்டான்.

நவீன ஓவியம் எனக்கும் பாதி புரிவதில்லை. புரியவில்லை, பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள்; அது உங்கள் உரிமை. ஆனால் உங்கள் வரிப்பணத்தின் பெயரைச் சொல்லி ஓவியனை அடிக்க எவனாவது கூப்பிட்டால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் சங்கத்தை என்ன செய்யப் போகிறாய்?"