சம்பள நாளில் வாசலுக்கு வரும் வியாபாரம்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம் போட்ட மாலையில் லயத்து வாசலில் வந்து நிற்பவர் யார்? ஒருவர் கையில் தண்ணீர் வடிகட்டி. இன்னொருவர் கையில் பிள்ளைகளுக்கான புத்தகக் கட்டு. நாள் பார்த்துத்தான் வருகிறார்கள். இருட்டோடு பிரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் நிறுத்து, அலுத்து வந்தவருக்கு வாக்குவாதம் செய்யத் தெம்பு ஏது? "மாதம் கொஞ்சம் கட்டினால் போதும்" என்ற பேச்சில் கையெழுத்து விழுந்துவிடுகிறது.

மீனும் காய்கறியும் கொண்டுவருபவர் மீது நமக்குப் பகையில்லை. "வேண்டாம்" என்ற பிறகும் நகராதவரைப் பற்றியே பேசுகிறேன்.

நம் நாட்டில் 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை, பிரமிட் திட்டத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. வீடு தேடி விற்கும் நிறுவனத்துக்கு அரசாங்க உரிமம் வேண்டும். வருகிறவர் வந்த காரியத்தைச் சொல்லவேண்டும். அடையாளக் கார்டையும் நிறுவனம் தந்த அதிகார அட்டையையும் காட்டவேண்டும். போகச் சொன்னால் போகவேண்டும். இது அவர் காட்டும் தயவல்ல, சட்டம்.

கையெழுத்துப் போட்டாகிவிட்டதா? கலங்காதீர்கள். அத்தகைய ஒப்பந்தத்தை 10 வேலை நாள்களுக்குள் எழுத்து மூலம் ரத்துச் செய்யலாம். பணம் திரும்பாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும், வக்கீல் தேவையில்லை.

ஆனால், தோழர்களே, சட்டம் லயத்து வாசலில் காவல் நிற்காது. ஒரு வீட்டில் "வேண்டாம்" என்றால் அவர் அடுத்த வீட்டுக்குப் போவார். "பக்கத்து வீட்டு அக்காவே வாங்கிவிட்டார்" என்பார். ஆகவே லயம் முழுவதும் ஒரே முடிவாக இருக்கவேண்டும்.

ஒன்று: சம்பள நாளில் எந்தத் தாளிலும் கையெழுத்து இல்லை.

இரண்டு: அட்டையைப் பார்த்துப் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொள்ளாமல் எவரையும் வீட்டுக்குள் விடுவதில்லை.

மூன்று: ஒப்பந்தத் தாளைக் கிராணியிடமோ கிளைச் செயலாளரிடமோ காட்டாமல் பணம் கொடுப்பதில்லை. கிராணிமார்களே, மலாயில் எழுதியிருப்பதைத் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். அது பெரிய உதவி.

நான்கு: அட்டையில்லாத விற்பனையாளரை வாயிலிலேயே நிறுத்தும்படி நிர்வாகத்துக்குக் கிளை எழுதவேண்டும். அதைச் சாக்காக வைத்து நம் உறவினரையும் சங்கத்தாரையும் தடுக்கக்கூடாது என்பதையும் அக்கடிதத்திலேயே சேர்க்கவேண்டும்.

ஒன்றுகூடிக் கேட்டுப் பெற்ற கூலியை, தனித்தனியே நின்று வாசலில் இழக்கலாமா? இத்தீர்மானத்தை இன்றே நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.