பொட்டலம் போகும் பாதை
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பிறகு பாடமெல்லாம் கைத்தொலைபேசியில் நடந்தது. "சார், பாடம் நின்னு நின்னு போவுதே, எங்கே அடைப்பு?" என்று கேட்காத லயம் இல்லை. பிள்ளை விளையாடுகிறான் என்று நினைத்து முதுகில் வைத்தவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்குத்தான் இன்று விடை சொல்லப் போகிறேன்.

ஒரு காலத்தில் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான் கம்பியைச் செருகி இணைப்புக் கொடுப்பார். அமெரிக்காவில் ஈமச்சடங்குத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்பவர், ஆள் இல்லாமலே இணைக்கும் கருவிக்கு 1891இல் காப்புரிமை பெற்றார். அந்த முறையில் இருவர் பேசி முடிக்கும்வரை ஒரு வழி அவர்களுக்கே சொந்தம். பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் வழி அடைபட்டே கிடக்கும்.

இப்போது குரலையும் படத்தையும் சிறு பொட்டலங்களாக வெட்டி அனுப்புகிறார்கள். ஒரு பொட்டலம் பெரும்பாலும் 1,500 பைட்டைத் தாண்டாது. ஒவ்வொன்றின் தலையிலும் முகவரி எண் இருக்கும். பட்டணங்களுக்கு நடுவே கண்ணாடி இழை வழியாக ஒளியாய்ப் பறக்கின்றன. இழைகள் கூடும் சந்தியில் பெரிய சுவிட்ச் நிற்கிறது. நொடிக்கு 100 ஜிகாபிட் வழி ஒன்றில் மட்டும் முழுப் பொட்டலங்கள் சுமார் 80 லட்சம் வந்து இறங்கும். அந்த மாதிரி வழிகள் பல அதில் உண்டு!

இவ்வளவையும் எப்படிப் பிரிக்கிறது? பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. முகவரியிலும் தனக்கு வேண்டிய முன்பகுதி போதும். சுங்கை பட்டாணியின் அஞ்சல் குறியீடு 08000. கோலாலம்பூரில் பிரிப்பவருக்கு '08' என்றாலே கெடா மூட்டை. தெருவைத் தேடுவது அங்கே உள்ளவர் பாடு. உலக இணையத்தின் முகவரி அட்டவணையில் 9 லட்சத்துக்கும் மேல் வரிகள். வரி வரியாகத் தேடினால் விடிந்துவிடும். அதனால் பல வரிகளை ஒரே நேரத்தில் ஒப்பிடும் சில்லுகளை வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது வரிசை. எனக்குப் பிடித்த இடம் இதுதான். பால் நிறுக்க ஒரு தராசு, ஒட்டுப்பாலுக்கு இன்னொரு தராசு, ஆனால் வரிசை ஒன்றே என்று வையுங்கள். முன்னால் நிற்பவர் ஒட்டுப்பால் தராசுக்குக் காத்திருந்தால், பால் தராசு சும்மா கிடந்தாலும் பின்னால் இருப்பவர் நிற்க வேண்டியதுதானே? சுவிட்சிலும் அதே கதை. ஒரே வரிசை வைத்தால் திறனில் சுமார் 58 விழுக்காடுதான் கிடைக்கும் என்று 1987இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆகவே ஒவ்வொரு வாசலுக்கும் தனித்தனி வரிசை வந்தது.

அப்படியும் ஒரு வாசலில் கூட்டம் மிஞ்சினால், இடம் இல்லாத பொட்டலத்தைச் சுவிட்ச் வீசிவிடும். இரக்கமில்லாத வேலைதான்! பாடக் குறிப்பு என்றால் அனுப்பிய கருவி மறுபடியும் அனுப்பும். நேரடிப் பேச்சுக்கு அதற்கு நேரமில்லை. ஆசிரியர் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை.

சரி, அடைப்பு எங்கே? சுங்கை பட்டாணிக்கும் கோலாலம்பூருக்கும் சுமார் 350 கிலோமீட்டர். அதைக் கடக்க இழையில் ஒளிக்கு ஒரு நொடியில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு போதும். பெரும்பாலும் சிக்கல் அங்கே இல்லை; நம்ம கைக்கும் கோபுரத்துக்கும் நடுவே. செம்பனையும் மேடும் அலையை மறைக்கின்றன. மிச்சத்தைத் தோட்டமே பங்கு போட்டுக்கொள்கிறது.

மனு எழுதும்போது "லைன் இல்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எல்லாரும் வீட்டில் இருக்கும் இரவில் மட்டும் நின்றால், அது கூட்டம். ஆள் இல்லாத விடியற்காலையிலும் அதே லயத்தில் நின்றால், அலை எட்டவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. நேரத்தையும் இடத்தையும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். எழுதித் தர நம்ம ஆறாம் ஆண்டுப் பிள்ளைங்களே போதும்.