சந்தேகம் வந்தாலே சொல்ல வேண்டும்



2012ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவை இங்கே எத்தனை பேர் படித்திருப்போம்? குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது அது. ஆதாரம் திரட்டச் சொல்லவில்லை. உறுதி செய்துகொண்டு வரச் சொல்லவில்லை. ஆனால் நம் பள்ளிகளிலும் விடுதிகளிலும் பெரும்பாலும் நடப்பது வேறு. குழந்தை வகுப்பாசிரியையிடம் சொல்கிறது. அவர் தலைமை ஆசிரியரிடம் சொல்கிறார். தலைமை ஆசிரியர் நிர்வாகத்திடம் போகிறார். நிர்வாகம் 'முதலில் நாம் விசாரிப்போம்' என்கிறது. குழந்தை அதே கதையை நாலு அறைகளில் நாலு பேர் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்கிறது. காவல் நிலையத்துக்குச் செய்தி போகும் முன்னே குற்றம் சாட்டப்பட்டவரின் காதுக்குப் போய்விடுகிறது. இரண்டே நாளில் வீட்டுக்குத் தூது வருகிறது, குழந்தை சொன்னதை மாற்றிச் சொல்கிறது. நம் முறையீட்டு முறையில் உள்ள பெரிய ஓட்டை இந்த உள்விசாரணைதான் என்பது என் உறுதியான கருத்து. சட்டம் கடமையை வைத்திருப்பது செய்தி அறிந்த ஒவ்வொருவர் தலையிலும். மேலதிகாரியிடம் சொன்னதோடு அது தீர்ந்துவிடாது. மறைத்தவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தமக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை.

பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதற்கு முன் யாரிடமும் வாய் திறந்ததில்லை. அப்படியிருக்க, அரிதாக ஒரு குழந்தை வாய் திறக்கும்போது அதைக் குறுக்கு விசாரணை செய்வது எவ்வளவு பெரிய தவறு!

பொய்ப் புகாரால் நல்லவர் ஒருவர் அழிந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் தகவல் சொல்வது தீர்ப்புச் சொல்வதாகாது. இழிவுபடுத்தவோ மிரட்டிப் பணம் பறிக்கவோ பொய் சொல்பவருக்கு 22ஆவது பிரிவில் தண்டனை உண்டு. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்கு எதுவும் பாயாது என்று 19ஆவது பிரிவே காப்பளிக்கிறது. குற்றமற்றவருக்கும் பயிற்சி பெற்ற அதிகாரியின் விசாரணைதான் நல்லது. பள்ளி வளாகத்து வதந்தி அவரைக் காப்பாற்றாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பதினேழு வயதுப் பெண் விரும்பிப் பழகிக் கருவுற்றால், மருத்துவர் காவல்துறைக்குச் சொல்லிவிடுவார் என்று அஞ்சி மருத்துவமனைக்கே வராமல் போகிறாள். இது உண்மை, இதை மழுப்பக் கூடாது. விடலைப் பருவத்து உறவில் இருக்கும் பையனைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமே அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவள் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் வழிகாட்டியது. இந்த இடத்தில் சட்டம் இன்னும் திருந்த வேண்டும். ஆனால் அதைச் சாக்கிட்டு, எட்டு வயதுக் குழந்தைக்கு நேர்ந்ததையும் மூடி வைக்க முடியாது.

காவல் நிலையம் என்றாலே குடும்பங்கள் நடுங்குகின்றன. ஆனால் குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்பதே விதி. அது மீறப்படும் இடங்களில் சண்டை போட வேண்டியது நம் பொறுப்பு.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே, ஒரு கேள்வியும் கூடுதலாகக் கேட்காமல், அன்றைக்கே ஒரு தாளில் எழுதுங்கள். கேட்டவரே 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ நேராகச் சொல்லட்டும். தலைமை ஆசிரியருக்குத் தெரிவிக்கலாம். அவர் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு தகவலுக்கும் பதிவு எண் இட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குக் காவல்துறையிடமிருந்து செய்தி போனதா என்று மறுநாளே விசாரியுங்கள். அரசிடம் ஒரு கோரிக்கை: தகவல் தந்தவருக்கு, குழந்தை இப்போது பாதுகாப்பாக இருக்கிறதா என்ற ஒரு வரிப் பதிலாவது ஒரு வாரத்துக்குள் போய்ச் சேர ஆணை பிறப்பியுங்கள். பதிலே வராத இடத்தில் இரண்டாம் முறை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.